மாபிலாவைத் திட்ட வந்தவர்கள்

கூத்தியாலா
12 ஜனவரி 1987

தம்பி ஸானுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். ஐம்பத்தோரு வயதில், வியாழக்கிழமைச் சந்தை நடுவே, வடைச்சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நான் ஓவென்று அழுதேன். ஒருத்தன் என்னைக் காராமணித் திருடி என்று திட்டினான். அந்தச் சந்தோஷத்தில் அழுதேன். அழுது முடித்து அவனுக்கு ஆறு வடை இனாமாகவும் கொடுத்தேன். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

இனி நலம். இங்கே அமைதி. ஆடுகள் அமைதி. என் வீட்டுக்காரரின் முழங்கால் மட்டும் அமைதியாக இல்லை. அங்கே உன் பெண்டாட்டி சித்தான் அமைதியா, பிள்ளைகள் அமைதியா, உன் ரயில்கள் அமைதியா?

என் வாய் உனக்குத் தெரியும். கொழுந்தன்மாரில் ஒருத்தனையும் நான் கேலி செய்யாமல் விட்டதில்லை. ஆனால் என் சொந்தப் பேருக்கு என்ன மரியாதை இருந்தது? இங்கே தியாரா குடும்பத்தானைப் பார்த்தால் திராவோரே குடும்பத்தான் "என் அடிமையே" என்கிறான். அவன் திரும்பி "போடா காராமணி தின்னி" என்கிறான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். குடும்பப் பேரைச் சொன்னதும் யார் யாரைத் திட்டலாம் என்று தெரிந்துவிடும். நான் 'மாபிலா' என்றால் மட்டும் எல்லாரும் ஒரு நொடி வாயை மூடுவார்கள். பிறகு, "எந்தப் பக்கத்து ஆளுங்க நீங்க?" என்று மெதுவாகக் கேட்பார்கள். அப்பாவிடம் கேட்டதற்கு, "பேரு கூப்பிடத்தான் இருக்கு, கேள்வி கேக்க இல்ல, போய்ப் பருத்தியைப் பொறுக்கு" என்றார். ஞாபகம் இருக்கிறதா?

அன்று கோலாக்கொட்டை விற்கிற ஒருத்தன் கூடையோடு வந்து வடை கேட்டான். வாங்கிக்கொண்டு, மரியாதைக்கு என் குடும்பப் பேரையும் கேட்டான். சொன்னேன். கூடையைக் கீழே வைத்தான்.

"திரும்பச் சொல்லு."

"மாபிலா. ஏன், கேட்டதில்லையா? யாருந்தான் கேட்டதில்ல."

"அடி காராமணித் திருடி! எங்கடி போயிருந்தீங்க இத்தனை காலமா? எங்க வீட்டு அடிமைங்களா, எங்கடி போயிருந்தீங்க!"

கரண்டியை ஓங்கினேன். அவன் கண்ணில் தண்ணீர். ஓங்கிய கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அவன் பேர் ஃபாமோரி தாராகோ. மாந்தே மலைப்பக்கம் ஃபரக்குரு என்கிற ஊர். நமக்கும் அவர்களுக்கும் கேலிமுறையாம், தம்பி! நம்மைத் திட்டவென்றே ஒரு குலம் இருக்கிறது!

என் நாலு பெண்களும் அவர்கள் அப்பா பேரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் பேர் என்னோடு சரி. நம் அப்பா பேர் இனி உன் பிள்ளைகளிடம்தான் உயிரோடு இருக்கிறது. அவர்களை என் பங்குக்கு ஒருமுறை நன்றாகத் திட்டி வை.

உன் அக்கா,
நியெலே மாபிலா

*

பமாகோ
9 பிப்ரவரி 1987

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அத்தானின் முழங்காலுக்கு ஷியாக் கொட்டை வெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. சந்தையில் வருகிறவர்கள் பலவிதம். கொட்டை வியாபாரி வடைக்காகப் பேசியிருக்கக்கூடும். அவரிடம் என் விலாசத்தைத் தர வேண்டாம். இனிக் கடிதம் எழுதும்போது உறை மீது குடும்பப் பெயர் போட வேண்டாம். 'ஸான், பார்சல் பிரிவு' என்றால் போதும், வந்து சேரும்.

இங்கு வெயில் ஆரம்பித்துவிட்டது.

தங்கள் தம்பி,
ஸான்

*

கூத்தியாலா
20 பிப்ரவரி 1987

தம்பி ஸானுக்கு,

இங்கே அமைதி. முழங்காலும் பாதி அமைதி. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதியோர் வகுப்பில் இரண்டு மழைக்காலம் படித்த படிப்பு என்னுடையது. அதனால் ஏதாவது விட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். விடவில்லை, உன் கடிதம் அவ்வளவுதான். தந்திக்காரன்கூட உன்னைவிடக் கூடப் பேசுவான்.

விலாசத்தைத் தராதே என்கிறாய். நீ சொல்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தந்துவிட்டேன்.

ஃபாமோரி மறுபடி வந்தான். இந்தத் தடவை நானும் தயாராக இருந்தேன். "வாய்யா, நாலு வடைக்கு மலை தாண்டி வர்ற மூஞ்சி!" என்றேன். அவன் பூரித்துப்போனான். அவன் சொன்னதைக் கேள், எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

அவர்கள் ஊரில் மாபிலா ஒருத்தரும் இல்லை. எத்தனையோ தலைமுறையாக இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் மாபிலாவுக்கென்று ஒரு வசவு வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து களத்தில் உட்காரும்போது அப்பன் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறான். பிள்ளை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"யாரைத் திட்ட? ஆளே இல்லையே?" என்று கேட்டேன்.

"அதையேதான் நானும் சின்னதுல எங்கப்பன்கிட்ட கேட்டேன். முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. 'ஒருநாள் வருவான்டா, வர்றப்ப வெறும் வாயோடவா நிப்பே'ன்னாரு."

நினைத்துப் பார். அப்பா பருத்திக்காட்டில் குனிந்து நின்ற நாளில், நாம் பேருக்காகக் கூசி நின்ற நாளில், முந்நூறு மைலுக்கு அப்பால் ஒரு ஊரே நம்மைத் திட்டப் பழகிக்கொண்டு இருந்திருக்கிறது.

பேருக்கு அர்த்தமும் சொன்னான். 'விடவில்லை' என்று அர்த்தமாம். எதை விடவில்லை என்று கேட்டால், "அது ஆம்பளை மாபிலாவோட குழந்தை தலைமாட்டுலதான் சொல்ற கதை. வடைச்சட்டி முன்னால சொல்ல மாட்டேன்" என்று போய்விட்டான். உன்னைத்தான் பார்க்க வருகிறான். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டிரு.

நியெலே மாபிலா

*

கூத்தியாலா
2 ஏப்ரல் 1987

தம்பி ஸானுக்கு,

அமைதிதானே? இங்கே மாங்காய் அமைதியாகக் காய்க்கிறது. சித்தான் மறுபடி முழுகாமல் இருப்பதாகப் பஸ் டிரைவர் சொன்னான். என் தம்பி வீட்டுச் சேதியை எனக்கு டிரைவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அவனுக்கு உன்னைவிட நல்ல கையெழுத்தாக இருக்கும்.

ஃபாமோரி வந்தானா? என்ன வசவு சொன்னான்? எழுது. பார்சலில் உன்னையே யாராவது கட்டி அனுப்பிவிட்டார்களா?

நியெலே மாபிலா

*

ஃபரக்குரு
15 ஏப்ரல் 1987

கூத்தியாலா நியெலேவுக்கு,

ஃபாமோரி சொல்லச் சொல்ல எழுதுவது ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். ஃபாமோரி முதலில் சொன்ன நாலு வார்த்தைகளை எழுத என் உத்தியோகம் இடம் தராது. அந்த இடத்தில் அமைதி உண்டாகட்டும் என்று படித்துக்கொள்ளவும்.

இனி அவர் சொன்னபடியே: நான் பமாகோ ரயில் நிலையத்துக்குப் போனேன். மாபிலா எங்கே என்று கேட்டேன். அப்படி ஒருத்தரும் இல்லை என்றார்கள். பார்சல் பிரிவில் ஸான் என்று ஒருவர் இருந்தார். உன் மூக்கு. கூட்டத்தைப் பார்த்து முறைக்கிற அதே முறைப்பு. எல்லாரும் அவரைத் தியாரா என்று கூப்பிட்டார்கள். அவரும் 'ஏன்' என்று குரல் கொடுத்தார்.

என் ஊரையும் பேரையும் சொன்னேன். அவர் என் மூட்டையை எடை போட்டார். சீட்டுக் கொடுத்தார். வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊர் திரும்பினால், எழுபது வயதாகிற என் அப்பா எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார், மாபிலா எப்படி இருக்கிறான் என்று கேட்க. ஆள் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்ல வந்த வசவு இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.

ஃபாமோரி தாராகோ

*

கூத்தியாலா
28 ஏப்ரல் 1987

ஸானுக்கு,

இங்கே அமைதி.

நீ யார் என்று எனக்கு எழுது.

நியெலே

*

பமாகோ
30 மே 1987

அக்கா,

நீ கேலி செய்யாமல் எழுதிய முதல் கடிதம் அது. ஒரு மாதமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

பதினாறு வருடம் முன்பு வேலை கேட்டு இங்கே நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்களை மேற்பார்வையாளர் பேர் கேட்டார், சிரித்தார், திட்டினார், அவர்களும் திட்டினார்கள். நீ சொன்ன அந்த ஒரு நொடி மௌனம் உனக்கே தெரியும். ஊரிலிருந்து பமாகோ வரும் வரை எல்லா இடத்திலும் அதைச் சாப்பிட்டிருந்தேன். சிலர் நாம் ஓடிவந்த அடிமைகளின் வம்சமோ என்றும் பார்ப்பார்கள். என் முறை வந்தது. "என்ன பேரு?" என்றார். அவர் திராவோரே என்று தெரியும். "தியாரா" என்றேன்.

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "வாடா என் அடிமையே! உன்னைத்தான் காணோமேன்னு பாத்தேன்." நானும், "எழுந்து நின்னு பேசுங்க, காராமணி தின்னி" என்றேன். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வேலை கிடைத்தது. அவர்தான் புராமா திராவோரே, பின்னால் எனக்குச் சித்தானைக் கொடுத்த மாமனார். நீ முழங்கால் வீங்கிய புருஷனை விட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

என் மூன்று பிள்ளைகளும் தியாரா. சித்தானுக்குத் தெரியாது. மாமாவை நான் தினமும் திட்டுகிறேன், அக்கா. பண்டிகை நாளில் அவர் செருப்பை ஒளித்துவைக்கிறேன். எனக்கு அந்த முறையே கிடையாது. முறை இல்லாதவன் திட்டினால் அது நிஜ வசவு.

ஃபாமோரி மூட்டையோடு என் முன்னால் நின்றபோது, என்னைத் திட்டமாட்டாரா என்று இருந்தது. அவர் திட்டவில்லை.

ஸான்

*

கூத்தியாலா
11 ஜூன் 1987

தம்பி ஸானுக்கு,

இங்கே மழை விழுந்துவிட்டது, அமைதி.

இரண்டு நாள் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளும் கருகின வடை. மூன்றாம் நாள், நீ மாமனார் செருப்பை ஒளித்துவைத்துவிட்டு மூலையில் திருட்டு முழி முழிப்பதை நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடே, பொய்ப்பேரில் வேலை பார்த்தவன் உண்டு, கடன் வாங்கினவன் உண்டு. பொய்ப்பேரில் மாமனாரைத் திட்டினவன் நீ ஒருத்தன்தான்.

சிரித்தது போதும். பிறக்கப்போகிற குழந்தையையும் தியாரா என்று அழைத்துவிட்டால் அப்பா பேர் முடிந்தது. நீ உன் வாயால் மாமனாரிடம் சொல்ல வேண்டும். தனியாகப் போகாதே. சண்டையைத் தீர்க்கப் போகிறவன் கேலிமுறைக்காரனாக இருக்க வேண்டும். அவன் கேட்டால் தட்ட முடியாது. இத்தனை நாள் உனக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. இப்போது இருக்கிறான். ஃபாமோரிக்கு எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதினேன், செருப்பு உட்பட.

நியெலே மாபிலா

*

பமாகோ
25 ஜூலை 1987

அன்புள்ள அக்கா,

நாங்கள் உயிரோடு நலம்.

ஃபாமோரி வந்தார். நானும் அவரும் மாமா வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். சித்தான் கதவோரம் நின்று கேட்டாள். மாமா தஸ்பீஹ் ஜெபமாலையை உருட்டி முடித்துக் கீழே வைத்தார்.

"அப்ப பதினாறு வருஷமா நீ என்னைத் திட்டினதெல்லாம் நிஜமான திட்டா?" என்றார்.

ஃபாமோரிதான் பேசினார். "மாமா, இவன் திட்ட ஆளில்லாம வளர்ந்த பய. அதான் அடுத்தவன் முறையில போய் ஒளிஞ்சுக்கிட்டான். தப்பு எங்க மேல. நாங்கதான் தேடி வராம உக்காந்துட்டோம். அடிக்கணும்னா என்னை அடிங்க."

"தாராகோவும் நான் கேட்டதில்ல, மாபிலாவும் கேட்டதில்ல. ரெண்டு பேருமா வழியில உக்காந்து பேரு செஞ்சுட்டு வர்றீங்களா?"

"எங்க ஊருக்கே தெரியும், மாமா."

"அப்ப ஊரையே வரச்சொல்லு. பேரு வைக்கிற அன்னிக்கு வந்து திட்டட்டும். வந்தா அப்படி ஒரு பேரு உலகத்துல இருக்குன்னு நம்பறேன். வரலேன்னா, என் பொண்ணும் பிள்ளைகளும் இங்க இருப்பாங்க. இவன் எந்தப் பேரோட வேணும்னாலும் போகட்டும்."

குழந்தை ஆகஸ்டில். அது களை எடுக்கிற காலம், அக்கா. ஒரு நாள் காட்டை விட்டால் புல் மூடிவிடும். முகம் தெரியாத ஒருத்தன் பிள்ளையைத் திட்டுவதற்காக யார் வருவார்கள்? சித்தான் என்னோடு பேசுவதில்லை. ஆனால் சோறு மட்டும் வைக்கிறாள். ஊர் போய் இறங்கும்போது ஃபாமோரி லாரிப் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். அவரும் வர முடியாது.

நீ வா.

ஸான்

*

பமாகோ
24 ஆகஸ்ட் 1987

காராமணிப் பானைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட ஃபாமோரிக்கு,

கால் அமைதியா? வாத்தியார் இதை உமக்குப் படித்துக் காட்டும்போது முதல் வரியை விட்டுவிடுவார். அதை மட்டும் வேறு யாரையாவது படிக்கச் சொல்லும்.

ஞாயிறு காலை, பிள்ளை பிறந்து எட்டாம் நாள். ஆண் குழந்தை. முற்றத்தில் பாய் விரித்தாயிற்று. ஆட்டைக் கட்டியாயிற்று. பேர் சொல்லும் பாணரும் வந்தாயிற்று. மாமனார் தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடியலிலிருந்து ஊற்றின மழை நிற்கவில்லை. ஒன்பது மணி ஆனது. யாரும் இல்லை. பத்து ஆனது. பாணர் இருமினார். என் தம்பி சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கும் கேலி வரவில்லை. அதிலேயே நிலைமையைத் தெரிந்துகொள்ளும்.

மாமனார் எழுந்தார். "போதும். பாணரே, தியாரான்னே கூப்பிட்டு முடிங்க" என்றார்.

அப்போது தெருமுனையில் சத்தம். லாரி சேற்றில் மாட்டிக்கொள்ள, உம்முடைய ஆட்கள் நடந்து வந்திருக்கிறார்கள். முழங்கால் வரை சேறு. பாதிப் பேர் தோளில் மண்வெட்டி, காட்டிலிருந்து அப்படியே ஏறினது. முதுகில் பிள்ளை கட்டின பெண்கள். நாற்பத்து மூன்று பேர், நான் எண்ணினேன். உலகத்தில் மொத்தம் நாங்கள் ஆறு மாபிலா. ஆறு பேரைத் திட்ட நாற்பத்து மூன்று பேர்.

யாரும் வணக்கம் சொல்லவில்லை. உம் அப்பா நேராகக் குழந்தையிடம் போனார். அந்த வயதிலும் குரல் எப்படி இருக்கிறது அவருக்கு! "அடே காராமணித் திருடா, எங்கடா இருந்தே?" என்றார். அடுத்தவர் வந்தார், வேறொரு வசவு. அடுத்தவர், வேறொன்று. ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரு சின்னப் பெண் நடுவில் மறந்துவிட்டு, கண்ணை மூடி, முதலிலிருந்து சொன்னாள். முற்றத்தில் சிரிப்பு ஆரம்பித்தது, பத்தாவது ஆளோடு நின்றுவிட்டது. இருபதாவது ஆள் வரும்போது சித்தான் தலைத்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். குழந்தை எல்லாரையும் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பிறகு உம் அப்பா கதையைச் சொன்னார். உமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுத ஆசை.

குதிரைப்படை வந்த வருடம். தாராகோ வீட்டார் பாழுங்கிணற்றில் ஒளிய இறங்குகிறார்கள். மேலே கயிற்றைப் பிடித்து இறக்குகிறவன் அவர்களுடைய நண்பன் ஒருத்தன். கடைசியாக ஒரு தாய், முதுகில் கைக்குழந்தை. அவள் பாதிக் கிணற்றில் தொங்கும்போது குதிரைகள் வந்துவிட்டன.

"கயித்துல என்னடா?"

"என் காராமணிப் பானை. ஆற வைக்கிறேன்."

"விடுடா அதை."

"விடமாட்டேன்."

சவுக்கால் அடித்தார்கள். விடவில்லை. மறுபடி அடித்தார்கள். உள்ளங்கை உரிந்து கயிறு சிவந்தது. விடவில்லை. குதிரைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "காராமணிக்காகச் சாகிற நாய்" என்று அவர்கள் திட்டிவிட்டுப் போன வசவுகள்தான் அந்த நாற்பத்து மூன்றும். கிணற்றுக்குள்ளிருந்து கேட்டவர்கள் ஒன்றையும் மறக்கவில்லை. பிறகு வந்த பஞ்சத்தில் அந்த மாபிலா கிழக்கே போனான். 'மழை எங்கேன்னு பாத்துச் சொல்லி அனுப்பறேன்' என்றான். சேதி வரவில்லை.

"முதுகுல இருந்த குழந்தை அழலை. அழுதிருந்தா நாங்க யாரும் இல்ல. நாங்க இத்தனை பேரும் அந்த ஒரு குழந்தை" என்றார் உம் அப்பா.

மழை நின்றிருந்தது. நான் முப்பது வருடமாக வடைக்குக் காராமணி அரைக்கிற என் கையைப் பார்த்துக்கொண்டேன். அழுதேனா என்று கேட்காதீர். இந்தத் தடவை நான் மட்டும் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

அப்புறம் உம் அப்பா, "இந்த வீட்டுல கிணறு இருக்கா?" என்று கேட்டார். மாமனார் வீட்டுக் கிணறு இருந்தது. விருந்துக்கு வெந்திருந்த காராமணிப் பானையைக் கயிற்றில் கட்டிப் பாதிக் கிணறு வரை இறக்கி, கயிற்றை ஸான் கையில் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் சுற்றி நின்று எல்லாவற்றையும் மறுபடி அவனைப் பார்த்துச் சொன்னார்கள். பெரிய பானை. ஸான் எழுத்துவேலைக்காரன். கையில் நரம்பு புடைத்தது, விடவில்லை.

கடைசி வசவு முடிந்ததும் மாமனார் எழுந்து வந்தார். அவன் முன்னால் நின்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பேர் சொல்லி வணக்கம் வைத்தார்.

"மாபிலா" என்றார்.

என் தம்பி மரியாதை தெரிந்தவன். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துப் பதில் வணக்கம் சொன்னான்.

பானை பக்கத்து வீட்டு அம்மாளுடையது. கயிறு மாமனாருடையது. இரண்டும் கிணற்றில் இருக்கின்றன. மத்தியானம் அறுபது பேரும் வெறும் சோறு சாப்பிட்டோம்.

மற்றபடி அமைதி.

நியெலே மாபிலா